பூஜ்யம் வேறு, வெற்றுக் கட்டம் வேறு

சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் பறவை கணக்கெடுக்க வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. ஜொகூர் நீரிணையில் கடல் ஏறும்போது சேற்றுத் திட்டுகள் மூழ்கிவிடும். அதுவரை மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் பழைய இறால் குளங்களில் வந்து ஒதுங்கும். அந்த நேரம்தான் எங்களுக்கு வேலை. பவளக்காலி, உள்ளான், உப்புக்கொத்தி என்று இனம் பிரித்து எண்ணிப் படிவத்தில் எழுதுவோம்.

எனக்குப் பிரியமானது தங்க உப்புக்கொத்தி. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் மரமே இல்லாத தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிற பறவை. இங்கிருக்கும் மாதங்களில் வைக்கோல் நிறம். மார்ச்சில் நெஞ்சில் மை தெறித்ததுபோல் கரும்புள்ளிகள் விழும். ஏப்ரலில் முகத்திலிருந்து வயிறுவரை கறுத்து, முதுகில் பொன்துகள் தூவினாற்போல் ஆகிவிடும். அப்புறம் ஒருநாள் போனால் ஒன்றுகூட இருக்காது.

சேர்ந்த புதிதில் அலுத்துப்போனது உண்மை. அதே குளம், அதே படிவம். அந்த அலுப்பைப் போக்கியது ஜார்ஜ் டிவோக்கி என்ற அமெரிக்கப் பறவை ஆய்வாளரின் வேலை. அலாஸ்காவின் வடகோடியில் கூப்பர் தீவு என்ற மணல்திட்டில், அமெரிக்கக் கடற்படை விட்டுச்சென்ற மரப்பெட்டிகளுக்கு அடியில் சில கறுப்பு கில்லமாட் ஜோடிகள் கூடு வைத்திருப்பதை 1972-ல் கண்டார். புறா அளவில், சிவந்த கால்களோடு இருக்கும் கடற்பறவை அது. 1975 முதல் கோடைதோறும் அங்கேயே தங்கி முட்டைகளை எண்ணினார், குஞ்சுகளை எடை போட்டார், கால்களில் வளையம் மாட்டினார். பருவநிலையை ஆராய அவர் போகவில்லை.

முட்டையிட்டுக் குஞ்சு பறக்கும்வரை அந்தப் பறவைக்குச் சுமார் 80 நாள் பனி மூடாத தரை வேண்டும். பூமி சூடாக ஆக அந்த நாள்கள் கூடின. பறவைகளும் பெருகின. 1989-ல் 200 ஜோடிகளுக்கு மேல். அந்த ஆண்டோடு அவர் மூட்டை கட்டியிருந்தால், வெப்பம் இவற்றுக்கு நல்லதுதான் என்று எழுதி முடித்திருக்கலாம். 15 ஆண்டு உழைப்பு, ஆனால் தப்பான முடிவு. பிறகு கடற்பனி கரையைவிட்டு விலகியது. பனியோரத்தில் கிடைத்த ஆர்க்டிக் காட் மீனும் கூடவே தள்ளிப்போனது. குஞ்சுகள் பட்டினி கிடந்தன. நிற்கப் பனியில்லாத கரடிகள் தீவுக்கு வந்து கூடுகளைப் புரட்டின. மரப்பெட்டிகளை எடுத்துவிட்டு, கரடியால் திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிகளை வைத்தார்.

என்னோடு வரும் தம்பி ஒருநாள் முகம் வாடிக் கேட்டான். "அக்கா, போன தடவையைவிடப் பாதிதான் இருக்கு. அழிஞ்சுட்டு வருதா?"

"இன்னைக்குக் கடல் முழுசா ஏறலை தம்பி. எழுதிக்கோ, நேரத்தையும் சேர்த்து எழுது" என்றேன். அவன் கவலை எனக்குப் புரியாமலில்லை. ஒருநாள் கணக்கை வைத்து அழவும் கூடாது, மகிழவும் கூடாது.

என் படிவங்களில் ஓர் இடம் மட்டும் இன்றும் உறுத்துகிறது. 2020 ஏப்ரல் 7-ஆம் தேதி, கொவிட் காரணமாக ஊரே வீட்டுக்குள் முடங்கியது. உப்புக்கொத்திகள் கறுத்துக் கிளம்பும் வாரங்கள் அவை. நாங்கள் போகவில்லை. ஜூனில் திரும்பியபோது குளங்களில் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பூஜ்யம் எழுதினேன், அது பார்த்து எழுதியது. ஏப்ரல், மே கட்டங்களுக்கு முந்தைய ஆண்டுகளின் சராசரியைப் போட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அட்டவணை அழகாக இருக்குமே! போடவில்லை. அவற்றை யார் எடுத்துப் பார்த்தாலும் வெறுமையாகவே இருக்கும்.

போன ஆகஸ்டில் முதல் உப்புக்கொத்தி வந்தபோது தம்பிதான் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தான். வயிற்றில் கறுப்பு இன்னும் முழுதாக உதிரவில்லை, திட்டுத்திட்டாக இருந்தது. வடக்கே கூடு கட்டிய பறவையின் சட்டை அது. ஒற்றைக்காலில் நின்று அலகை முதுகில் செருகிக்கொண்டது. தம்பி நேரத்தைக் குறித்தான், கடல் மட்டத்தைக் குறித்தான், பிறகு 1 என்று எழுதினான்.