பைக்கு முன்னாடி கதையை விக்கிறாங்க

இத்தாலி டஸ்கனில, புளோரன்சுக்கும் பீசாவுக்கும் நடுவுல, தோல் பதனிடுற குடும்பக் கம்பெனிங்க சில சேர்ந்து 1994ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, பேரு வேரா பெல்லே கன்சோர்ட்டியம். குரோமியம் ரசாயனத்துல சீக்கிரமா முடியுற பதனிடுற வேலையை இவங்க செஸ்ட்நட், மிமோசா மரங்களோட சாறுல வாரக்கணக்குல ஊறப்போட்டு செய்றாங்க, அதனால விலையும் ஜாஸ்தி. இவ்ளோ சின்ன கம்பெனி ஒண்ணு தனியா ஜப்பான்ல போய் விளம்பரம் பண்ண முடியுமா சொல்லுங்க, சங்கமா போனா முடியுது. எனக்கு செம்மயா பட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு, அந்தத் தோல்ல செஞ்ச பை கூடவே நம்பர் போட்ட ஒரு சான்றிதழ் வரும், போலி மேட்டருக்கு அங்கயே செக். இன்னொண்ணு, வெளிநாட்டு டிசைன் காலேஜ் பசங்கள டஸ்கனிக்கே கூப்பிட்டு தொழிற்சாலைய சுத்திக் காட்டி, அவங்க கையாலயே தோல்ல பொருள் செய்ய வைக்கிறாங்க. நாளைக்கு அந்தப் பையன் டிசைனர் ஆனா எங்க ஆர்டர் குடுப்பான்? கில்லாடிங்கப்பா!

நம்மகிட்டயும் பாரம்பரியமா ஆவாரம்பட்டைல பதனிட்டு வந்த ஈ.ஐ. லெதர் (ஈஸ்ட் இந்தியா லெதர்) இருக்கு, புவிசார் குறியீடே வாங்கியிருக்கு (நெஜமாத்தான்). ஆனா தி.நகர்ல பை வாங்குற எத்தன பேரு அதக் கேட்டு வாங்குறோம்? ஆம்பூர், ராணிப்பேட்டை ஆளுங்க யாராச்சும் இருந்தா கமென்ட்ல சொல்லுங்க, இப்ப அதுக்கு ஆர்டர் எப்படி வருது?