கற்குவைக்கு ஒரு புல எண்

எங்கள் ஊர் மேய்ச்சல் காட்டில் கிடக்கும் கற்குவைகளைப் பாண்டுக்குழி என்பார்கள். நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த கொடுமணல் ஈமக்காட்டைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான், நாங்கள் ஆடு ஓட்டிப் போகிற கல்வட்டங்களும் அதே இரும்புக்காலப் புதைகுழிகள் என்று எனக்கு உறைத்தது. போன வருடம் கிராவல் எடுக்க வந்த பொக்லைன் இரண்டு குவைகளை வழித்துப் போட்டது. சரிந்த மண்ணில் ஒரு பானை ஓடு கிடந்தது. உட்புறம் கரிக்கறுப்பு, வெளிப்புறம் செம்மை; இரும்புக்காலப் புதைகுழிகளில் கிடைக்கும் அதே கறுப்பு-சிவப்புப் பானை வகை. அன்றிரவே மனு எழுதினேன்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, 'மேற்படி இடத்தில் புராதனச் சின்னம் ஏதும் பதிவில் இல்லை' என்று பதில் வந்தது. பதிவில் ஏற்றச் சொல்லித்தானே மனுவே! கிராமத்தின் நிலக்கணக்கான அ-பதிவேட்டில் அந்த இடம் வெறும் கல்லாங்குத்து, அதாவது கல் நிறைந்த தரிசு.

'எங்கள் ஊர்க் காட்டில்' என்று எழுதினால் எந்த மேசையிலும் நிற்காது என்பது அப்புறம்தான் புரிந்தது. புலப்படம் வாங்கினேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் புல எண், உட்பிரிவு, கைபேசியில் பார்த்த அட்சரேகை தீர்க்கரேகை, நாடா வைத்து அளந்த குறுக்களவு எல்லாம் குறித்தேன். நாடாவின் மறுமுனையைப் பிடித்தது ஆடு மேய்க்கும் ஓர் அம்மாயி. புதர் மூடிய 4 வட்டங்களைக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். "இதையும் எழுதிக்க கண்ணு, இதுதான் பெரிய குழி" என்றார். அளந்தால் 9 மீட்டர், சுற்றிலும் 17 உருண்டைக் கற்கள்.

இந்த முறை மனுவின் நகலை மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்பினேன். அங்கிருந்து ஒருவர் வருவாய் ஆய்வாளரோடு வந்து வட்டம் வட்டமாக நடந்து பார்த்தார். கிராவல் எடுப்பது நின்றது. 1966-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிப்பதற்கு முன் அறிவிக்கை வெளியிட்டு, ஆட்சேபணை சொல்ல 2 மாதம் தர வேண்டும். அந்த அறிவிக்கைக்குத்தான் காத்திருக்கிறோம்.

உங்கள் ஊரிலும் இப்படி இருந்தால், தயவுசெய்து தோண்டிப் பார்க்காதீர்கள். பானை ஓடுகளையோ மணிகளையோ வீட்டுக்கு எடுத்து வரவும் வேண்டாம். எது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதுதான் சான்று. கையில் எடுத்ததும் அது போய்விடும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தால் போதும்.

இப்போதைக்கு அம்மாயி பெரிய குழியைச் சுற்றி வேலமுள் வெட்டிப் போட்டிருக்கிறார். ஆடுகூட உள்ளே போவதில்லை.