ஒரு பவுண்டு நோட்டு

போமான்ட் குழந்தைகள் காணாமற்போன வழக்கைப் பற்றி எத்தனை முறை படித்தாலும், ரொட்டிக் கடையில் நீட்டப்பட்ட ஒரு பவுண்டு நோட்டில்தான் என் மனம் போய் நிற்கிறது.

1966 ஜனவரி 26. ஆஸ்திரேலிய தினம். அடிலெய்டு நகரில் நல்ல வெயில். ஒன்பது வயது அக்கா, ஏழு வயதுத் தங்கை, நான்கு வயதுத் தம்பி ஆகிய மூவரும் அருகிலிருந்த கிளெனெல்க் கடற்கரைக்குக் காலையில் தாங்களாகவே பேருந்தில் சென்றனர். அக்காலத்தில் அங்கே அதை யாரும் வியப்பாகப் பார்க்கவில்லை என்பதையும், பெற்றோரைக் குறைகூறும் முன் நாம் நினைவில் கொள்ள வேண்டும். பேருந்துக் கட்டணத்துக்கும் மதிய உணவுக்குமாகத் தாய் கொடுத்தனுப்பியது 8 ஷில்லிங் 6 பென்ஸ், அதுவும் சில்லறையாக. நண்பகல் பேருந்தில் அவர்கள் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை.

உயரமான, ஒல்லியான, பொன்னிற முடிகொண்ட ஒருவனோடு அவர்கள் சிரித்து விளையாடிக்கொண்டிருந்ததைக் கடற்கரையில் பலர் பார்த்திருந்தனர். மூத்தவளோ கூச்ச சுபாவம் உடையவள். அவளுக்குக் கடற்கரையில் ஒரு சிநேகிதன் கிடைத்திருப்பதாகத் தங்கை முன்பே சொன்னபோது, அவள் வயதுப் பையன் யாரோ என்று தாய் அதைப் பொருட்படுத்தவில்லை. குழந்தை விளையாட்டாகச் சொன்ன அந்தச் சொல்லைத் தாய் பிற்பாடு எத்தனை முறை எண்ணிப் பார்த்திருப்பார்!

அதன்பின் ரொட்டிக் கடை. மூத்தவள் தின்பண்டங்கள் வாங்கி ஒரு பவுண்டு நோட்டை நீட்டினாள். பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்ற கணக்கில், தாய் கொடுத்த தொகை அதில் பாதிகூட இல்லை. அப்படியானால் நோட்டைக் கொடுத்தது வேறொருவர். கடைக்குள் வராமல், குழந்தையின் கையில் பணத்தைக் கொடுத்தனுப்பிய ஒருவர். இந்த வழக்கில் ஊகம் கலவாத தடயம் என்று நான் கருதுவது இது ஒன்றையே.

மற்றவை பெரும்பாலும் வீண் அலைச்சல். நெதர்லாந்திலிருந்து வந்த குரோசெட் என்ற ஞானதிருஷ்டிக்காரரின் பேச்சை நம்பி ஒரு கிடங்கின் தரையைத் தோண்டினார்கள், ஒன்றும் இல்லை. குழந்தைகளைத் திருப்பித் தருவதாகக் கடிதம் வந்து, பெற்றோர் குறித்த இடத்தில் போய்க் காத்திருந்து, வெறுங்கையோடு திரும்பினர். அந்தக் கடிதம் ஒரு விடலைப் பையனின் விளையாட்டு என்பது 1992இல்தான் கைரேகை வழியாகத் தெரிந்தது. இதில் ஞானதிருஷ்டிக்காரரையாவது மன்னிக்கலாம்.

ஒரு தொழிற்சாலை வளாகத்தை 2013இலும் 2018இலும் காவல்துறை தோண்டியது. அதன் முன்னாள் உரிமையாளர் பவுண்டு நோட்டுகளைத் தாராளமாகக் கொடுப்பவர் என்ற பேச்சு உண்டு. ஆனால் அவர் மீது வழக்கு எதுவும் பதிவானதில்லை. 2018இல் கிடைத்தவை விலங்கு எலும்புகள். பிள்ளைகள் திரும்பி வந்தால் வீடு அடையாளம் தெரிய வேண்டுமென்று நெடுங்காலம் அதே வீட்டில் இருந்த பெற்றோரில், தாய் 2019இலும் தந்தை 2023இலும் இறந்தனர். 2025 பிப்ரவரியில் தனியார் முயற்சியில் அதே வளாகத்தை மறுபடியும் தோண்டினார்கள். அப்போதும் ஒன்றும் கிடைக்கவில்லை.