ஒண்ணும் தெரியாது

"அந்த ஸ்டில்தான் போடணுமா சார்?" என்று கேட்டார், கட்டுரையை எழுதிய நிருபர்.

"அதுல ஒண்ணும் தெரியாதும்மா. பக்கத்துல ரெண்டு காலம் அகலம்தான், சின்னதா வரும்" என்றேன்.

பேச்சு அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட இருக்காது. அவர் தலையாட்டிவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டார். முகக்கவசம் போட்டிருந்த காலம், கண்ணை மட்டும் வைத்து என்ன கண்டுபிடிப்பது? சரி என்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படி எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

2021 மார்ச் கடைசி. ஹாலிவுட் நடிகை ஷரோன் ஸ்டோனின் சுயசரிதை வெளிவந்த சமயம். அவர் நடித்த 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்' படம் பற்றி ஒன்று போடலாம் என்று சொன்னது நான். எழுதுகிறேன் என்றது அந்த நிருபர். நான் எதிர்பார்த்தது எழுபது வரி. வந்தது நூற்று முப்பது. தேர்தல் நேரத்தில் இணைப்பிதழில் நூற்று முப்பது வரிக்கு எங்கே போவது? வெட்டினேன். அதில் எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை, அது என் வேலை.

எதை வெட்டினேன் என்பதுதான்.

நாமெல்லாம் அந்தப் படத்தை ஒரே ஒரு காட்சியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். விசாரணை அறை, வெள்ளை உடை, கால் மாற்றிப் போடுவது. நான் போடச் சொன்ன ஸ்டில்லும் அதுதான். அவர் கட்டுரை அங்கே தொடங்கவில்லை. 1991-ல் சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் தொடங்கியது. படப்பிடிப்பு நடந்த இடங்களுக்கே ஓரினச் சேர்க்கையாளர் அமைப்புகள் திரண்டு வந்து கோஷம் போட்டிருக்கின்றன. அவர்களுடைய கோபம் அந்தக் காட்சியின் மீது அல்ல. பெண்ணை நேசிக்கும் பெண் என்றாலே கொலைகாரியாகத்தான் இருக்க வேண்டுமா என்பது கேள்வி. முப்பது லட்சம் டாலருக்குத் திரைக்கதையை விற்றிருந்த ஜோ எஸ்டர்ஹாஸ் அவர்களைச் சந்தித்துப் பேசி, சில இடங்களை மாற்றலாம் என்று இறங்கி வந்திருக்கிறார். இயக்குநர் பால் வெர்ஹோவன் முடியாது என்றுவிட்டார். 1992 மார்ச்சில் படம் வந்தபோது எதிர்ப்பாளர்கள் கொலைகாரி யார் என்று பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றார்கள். ஒரு த்ரில்லருக்கு இதைவிடப் பெரிய கெடுதல் யாராவது செய்ய முடியுமா? வெட்டும்போது நானே சிரித்தேன், நன்றாக நினைவிருக்கிறது.

அப்புறம் விமர்சகர்கள். ரோஜர் ஈபர்ட் நாலுக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தார். பெண்ணியம் பேசியவர்களில் பலர் முகம் சுளிக்க, கமீல் பாலியா படத்தின் பக்கம் நின்றார். கான் விழாவில் தொடக்கப் படம் அதுதான். படத்தொகுப்புக்கும் இசைக்கும் ஆஸ்கர் பரிந்துரை. இதில் அவர் பிடித்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது: ஷரோன் ஸ்டோனுக்கு அந்த ஒரே வேடத்துக்காக கோல்டன் குளோபில் சிறந்த நடிகை பரிந்துரை, மோசமானவற்றுக்குக் கொடுக்கும் ராஸியிலும் பரிந்துரை. தணிக்கைக்காரர்கள், சிறுவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்கிற ஆர் சான்றிதழுக்காக விநாடிக் கணக்கில் காட்சிகளைக் குறைக்கச் சொல்ல, போராட்டக்காரர்கள் கதையைப் பார்த்தார்கள், விமர்சகர்கள் அதில் பழைய த்ரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக்கைத் தேடினார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் அன்றைக்கு நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கேட்கத்தான் ஆள் இல்லை என்று எழுதியிருந்தார். அந்த வாக்கியத்தை விட்டுவைத்தேன். அதற்கு முன்னால் இருந்த அறுபது வரியை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அது எங்கிருந்தோ வந்து நிற்கிற வாக்கியம் மாதிரி இருந்தது.

அவர் வைத்த தலைப்பு 'எதிர்த்தவர்கள் எதை எதிர்த்தார்கள்?'. நான் வைத்தது 'ஒரு காட்சி, முப்பது ஆண்டு சர்ச்சை'.

எட்டே முக்காலுக்கு லேஅவுட் அண்ணன் கூப்பிட்டார். "சார், அந்தக் கால் பக்க விளம்பரம் வரலையாம். ஓட்டை விழுது. மேட்டர் இருக்கா?"

மேட்டர் இருந்தது. நான் வெட்டிய அறுபது வரியும் என் கணினியிலேயே இருந்தது. போட்டால் மறுபடி ஓட்டி, மறுபடி ப்ரூஃப் பார்த்து, ஒன்பதரை ஆகிவிடும். பக்கம் ஒன்பதுக்குப் போக வேண்டும்.

"படத்தை இழுத்துடுங்க அண்ணே" என்றேன்.

இரண்டு காலம் அகலம் நாலு காலம் அகலமாயிற்று.

நேரமில்லை என்பது பொய்யில்லை. ஆனால் போன மாதம் இதேபோல ஒரு ஓட்டை விழுந்தபோது, வேறொருவர் கட்டுரைக்கு அரை மணி நேரம் தாமதம் வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். அந்த ஸ்டில் பெரிதாக வந்தால் பக்கம் நன்றாக இருக்கும் என்று எனக்கே ஒரு மூலையில் ஆசை இருந்ததா? இருந்திருக்கலாம். பக்கம் நன்றாகத்தான் இருந்தது.

கடைசி ப்ரூஃபை அவரிடம் அனுப்பினேன். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது பத்தியில் ஒரே ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். உள்ளாடையைக் கழற்றச் சொன்னதற்கு படப்பிடிப்பில் என்ன காரணம் சொன்னார்கள் என்று ஷரோன் ஸ்டோன் எழுதியிருப்பதைச் சொல்லும் வரி: 'வெள்ளைத் துணி வெளிச்சத்தை பிரதிபலிக்கிறது, மற்றபடி ஒன்றும் தெரியாது.' பிழையைச் சுட்டுகிறார் என்று நினைத்தேன். ஒரு 'ப்' விடுபட்டிருந்தது. 'வெளிச்சத்தைப் பிரதிபலிக்கிறது' என்று திருத்திப் பக்கத்தை அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு பேப்பரைப் பிரித்தபோதுதான் கோடு எதற்கு என்று புரிந்தது. அந்த வரியை நானே இரண்டு தடவை எடிட் செய்திருக்கிறேன். அதே சாயங்காலம் அதே இரண்டு வார்த்தையை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ஒப்பிடுவது அபத்தம் என்று எனக்கே தோன்றுகிறது. அது ஒருவருடைய உடம்பு, இது ஒரு ஸ்டில். உலகம் முழுக்க ஆயிரம் தடவை அச்சான ஸ்டில், அதில் உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. அதே ஆண்டு பிற்பாடு வெர்ஹோவன், தன் நினைவு வேறு மாதிரி இருக்கிறது, அவருக்குத் தெரிந்தேதான் எடுத்தோம் என்று சொன்னதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று அப்புறம் யோசித்தேன்.

வாசகர் கடிதம் ஒன்று வந்தது. வீட்டில் எல்லோரும் படிக்கிற பத்திரிகை, ஒரு பெண்ணே இப்படி எழுதலாமா என்று. கட்டுரையில் எழுதியிருந்த எதைப் பற்றியும் கடிதக்காரர் பேசவில்லை. படத்துக்குக் கீழே இருந்தது கட்டுரை எழுதிய பெண்ணின் பெயர், அவ்வளவுதான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஆசிரியர் கடிதத்தை ஆட்டிக்கொண்டே, "யாருப்பா இந்த போட்டோவை இவ்ளோ பெருசா வச்சது?" என்றார்.

"கடைசி நேரத்துல விளம்பரம் வரலை சார்" என்றேன்.

பொய் ஒரு சொல்கூடக் கிடையாது. மேஜையின் மறுகோடியில் அந்த நிருபர் உட்கார்ந்திருந்தார். குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் நான்தான் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் சினிமா பற்றி எழுதவில்லை. கேட்டால், "டைம் இல்ல சார்" என்பார். உண்மையாகவே நேரமில்லாமல் இருந்திருக்கலாம், நகராட்சிச் செய்திகள் முழுக்க அவர் தலையில்தான். இப்போது வேறு இடத்தில் இருக்கிறார். போன தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினார். பதில் அனுப்பினேன். இதைப் பற்றி எழுதலாமா என்று கை போனது, எழுதவில்லை.

அந்த ப்ரூஃபை மட்டும் வைத்திருக்கிறேன். மேஜை இழுப்பறையில், கட்டுக் காகிதங்களுக்கு அடியில். பென்சில் கோடு மங்கிவிட்டது, என் சிவப்பு மை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த இடத்தில் ஒற்று மிகும்தான். சரிபார்த்தேன்.