பகை நாடுகளின் பேச்சு: முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதுவோருக்கு

குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் ஜி.எஸ். (பொது அறிவு) இரண்டாம் தாள்: 20 கேள்வி, 3 மணி நேரம், 250 மதிப்பெண். கணக்குப் போட்டால் கேள்விக்கு 9 நிமிடம். அயலுறவுக் கேள்வி வந்ததும் "பரஸ்பர மரியாதை அவசியம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதி அதில் பாதியைக் கரைத்துவிடுகிறார்கள். பகை நாடுகள் பேசிக்கொண்டபோது மரியாதை எந்தச் சொல்லில் இருந்தது என்று காட்டுங்கள்.

முதலில் பெயர். கம்யூனிஸ்ட் சீனாவோடு தூதரக உறவே இல்லாத காலத்தில், 1970 அக்டோபரில், ருமேனிய அதிபருக்கு அளித்த விருந்தில் அமெரிக்க அதிபர் நிக்சன் 'சீன மக்கள் குடியரசு' என்று அதன் அரசுப் பெயரைச் சொன்னார். 16 மாதம் கழித்து அவரே பெய்ஜிங்கில் இறங்கினார்.

அந்தப் பயணத்தின் முடிவில் வந்த 1972 ஷாங்காய் கூட்டறிக்கைதான் இந்தப் பாடத்தின் கருவூலம். ஒத்துப்போகாதவற்றை மூடி மறைக்காமல், இரு தரப்பும் தத்தம் கருத்தைத் தனித்தனியாக எழுதிக்கொண்டன. தைவான் விஷயத்தில், சீனா ஒன்றே என்று நீரிணையின் இரு கரையிலுள்ள சீனர்களும் சொல்வதை அமெரிக்கா 'அறிந்திருக்கிறது', அதை மறுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். தமிழில் எழுதுவோர் சறுக்கும் இடம் இது. 'ஏற்கிறது' என்று எழுதினால் வரலாறே மாறிவிடும்.

அதே ஆண்டு ஜூலையில் சிம்லாவில் இந்தியா-பாகிஸ்தான் ஒப்பந்தம். 1971 டிசம்பர் 17 போர்நிறுத்தக் கோட்டை மதிப்போம், ஆனால் எவருடைய நிலைப்பாட்டுக்கும் பாதகமின்றி என்றது ஒப்பந்தம். காஷ்மீரை விட்டுக்கொடுத்தோம் என்று எவரும் ஊர் திரும்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த ஒரு வரியை விளக்கினாலே 10 மதிப்பெண் விடையின் முதுகெலும்பு கிடைத்துவிடும்.

2001 ஏப்ரல், சீனாவின் ஹைனான் தீவு. சீனப் போர் விமானத்தோடு மோதிய அமெரிக்க உளவு விமானத்தின் 24 பேர் 11 நாள் பிடிபட்டிருந்தார்கள். அமெரிக்கா கொடுத்த கடிதத்தில் 'மிகவும் வருந்துகிறோம்' இருந்தது, 'மன்னிப்பு' இல்லை. சீனா அதை மன்னிப்பாகவே தன் மக்களுக்குச் சொல்லிக்கொண்டது. ஆட்கள் வீடு திரும்பினார்கள்.

இனி நேர்முகம், 275 மதிப்பெண். விண்ணப்பத்தில் ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் என்று ஊர் இருந்தால் கச்சத்தீவுக் கேள்விக்குத் தயாராகவே போங்கள். இலங்கை பகை நாடு அல்ல. சிம்லாவை இங்கே இழுக்க வேண்டாம். 'தாரை வார்த்தார்கள்' மேடைக்குச் சரி, அந்த அறைக்குச் சரிவராது. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு மீனவரும் யாத்ரிகரும் விசா இன்றித் தீவுக்குச் சென்றுவர இடம் தந்தது. 1976 கடிதப் பரிமாற்றம் இலங்கைக் கடலில் நம் படகுகள் மீன்பிடிப்பதை நிறுத்தியது. இரண்டையும் சொல்லுங்கள். நம் மீனவர் கைதாவதைச் சொல்லும் அதே மூச்சில், நம் விசைப்படகுகளின் இழுவைமடியால் யாழ்ப்பாண மீனவரின் வலை நாசமாவதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்டபின் சொன்னால் ஒப்புதல் வாக்குமூலம் போலாகும்.

பயிற்சிக்கு: அடுத்த முறை படகு பிடிபட்ட செய்தி வந்தால் இரு அரசுகளின் அறிக்கைகளையும் எடுத்து வைத்து, 'கவலை', 'வருத்தம்', 'எதிர்ப்பு', 'கண்டனம்' எங்கெங்கே வருகின்றன என்று மட்டும் அடிக்கோடிடுங்கள்.