மூணு நாள் கரண்ட் இல்லேன்னா?

அமெரிக்காவுல ப்ரெப்பர்ஸ்னு ஒரு கூட்டம் இருக்கு. நாளைக்கே எல்லாம் கவுந்துடும்னு நம்பி பீன்ஸ், கோதுமை, அரிசின்னு பக்கெட் பக்கெட்டா பேஸ்மென்ட்ல அடைச்சு வெச்சுட்டு துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுட்டு உக்காந்திருக்குறவங்க. யூட்யூப்ல இவங்க வீடியோ ஒண்ண தொட்டுட்டா போதும், அப்புறம் அல்காரிதம் உங்கள விடாது. 2023 டிசம்பர்ல சென்னைல மிச்சாங் புயல் வந்துட்டுப் போன அப்புறம் நானும் அப்படித்தான் உள்ள போனேன். பாதி சிரிப்பு வரும், பாதி பயமா இருக்கும், ஆனா நடுவுல ஒரு ரிட்டயர்டு ஆளு வந்து தண்ணிக்கு லிட்டர் கணக்கு சொல்வாரு பாருங்க, அத கேட்டா யோவ் இவரு வெள்ளம் தேங்குற நம்ம பள்ளிக்கரணைல குடியிருந்தாரான்னு தோணும்.

இவங்க சொல்றது எல்லாமே பைத்தியக்காரத்தனம்னு தள்ளிட முடியாது. அங்க யூட்டா மாநிலத்துப் பக்கம் மார்மன்னு ஒரு கிறிஸ்தவ சபைக்காரங்க வீட்டுல உணவு சேத்து வெக்கிறத காலங்காலமா ஒரு கடமையாவே பண்றாங்க, அதுக்கு மேல கோல்ட் வார் நேரத்து அணுகுண்டு பயம், 1999ல ஒய்டுகே பயம் (2000 பொறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் தேதி குழம்பி நின்னுடும்னு), இப்படி ஒவ்வொரு பயமும் ஒரு லேயர் சேத்துட்டுப் போயிருக்கு. அதனால நமக்கு வேணுங்கறத பொறுக்கி எடுக்கணும். உதாரணமா பக் அவுட் பேக்னு ஒண்ணு, எல்லா வீடியோவுலயும் வரும், ஒரு பைய தூக்கி தோள்ல மாட்டிட்டு காட்டுப்பக்கம் போயிடணுமாம். எங்கங்க போறது? 2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரிலேர்ந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணி திறந்து விட்டாங்க, அடையாறு பொங்கி சைதாப்பேட்டை பாலத்துல போக்குவரத்த நிறுத்திட்டாங்க, ஏர்போர்ட் 6ஆம் தேதி வரைக்கும் மூடிக் கெடந்துச்சு, இதுல பைய மாட்டிட்டு எந்தக் காட்டுக்குப் போவீங்க. தரைத்தளத்துல இருக்குறவங்களுக்கு பை வேணும், ஆனா தண்ணி வர்றதுக்கு முன்னாடியே சொந்தக்காரங்க வீட்டுக்குக் கிளம்புறதுக்கு. மாடியில இருக்குற மத்தவங்களுக்கு உள்ளேயே தாக்குப் பிடிக்கிறதுதான் ப்ளான். ப்ரெப்பர்ஸும் இத 'பக் இன்'னு சொல்றாங்க, ஆனா அந்த வீடியோவுக்கு வ்யூஸ் கம்மி.

இவங்ககிட்ட நான் கத்துக்கிட்டது பொருள் லிஸ்ட் இல்ல, ஒரு கேள்வி. இது நின்னு போச்சுன்னா அடுத்து எது நிக்கும்? இத நம்ம அப்பார்ட்மென்டுக்குப் போட்டுப் பாருங்க. தெருவுல தண்ணி ஏறுனா பாதுகாப்புக்காக கரண்ட ஈபிக்காரங்களே நிறுத்திடுவாங்க, அது சரிதான், தண்ணிக்குள்ள வயர் கெடந்தா உயிர் போயிடும். கரண்ட் போனா மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடலேன்னா மேல்தொட்டி தீர்ந்துடும், தொட்டி தீர்ந்தா டாய்லெட் இல்ல. லிஃப்ட் இல்ல, ஆர்ஓ இல்ல, இண்டக்ஷன் இல்ல, கொஞ்ச நேரத்துல டவர் பேட்டரியும் போச்சுன்னா போன் இல்ல, போன் இல்லேன்னா ஜிபே இல்ல. ஆக நமக்கு உலகம் அழியவே வேணாம், மூணு நாள் கரண்ட் இல்லேன்னா போதும். அமெரிக்க கவர்மென்டே 72 மணி நேரம்னுதான் ரொம்ப நாளா சொல்லிட்டு வந்துச்சு, அந்தக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்துது.

முதல்ல தண்ணி. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் மாதிரி, குடிக்க சமைக்க கை கழுவ எல்லாம் சேத்து. நாலு பேரு, மூணு நாள், கிட்டத்தட்ட 45 லிட்டர். ரெண்டு கேனும் கொஞ்சம் பாட்டிலும், அவ்ளோதான், கட்டிலுக்கு அடியில போயிடும். நான் வாங்கி வெக்கும்போது அம்மா பாத்துட்டு "ஏண்டா, உலகம் அழியப் போகுதா, இல்ல கல்யாணம் வெச்சிருக்கியா"ன்னு கேட்டாங்க. நிறைய பேரு சம்ப்ல, அதாவது தரைக்கு அடியில இருக்குற தொட்டில, பத்தாயிரம் லிட்டர் இருக்கே நமக்கென்னன்னு நினைக்கிறாங்க. சம்ப் மூடி தரை மட்டத்துல இருக்கு பாஸ், வெள்ளம் ஏறுனா ட்ரெய்னேஜ் தண்ணி நேரா அதுக்குள்ளதான் இறங்கும், அப்புறம் அது சம்ப் இல்ல சாக்கடை. ரெட் அலர்ட் வந்த அன்னிக்கே மேல்தொட்டிய ரொப்பிடணும், பக்கெட் குடம் அண்டா எல்லாத்தையும் ரொப்பிடணும், இதுக்கு ப்ரெப்பர் வீடியோவே வேணாம், 2019ல குடிதண்ணி ஏரி நாலும் வத்திப்போய் ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல தண்ணி வந்தத பாத்த ஊரு இது.

சந்தேகமான தண்ணின்னா துணில வடிகட்டி நல்லா கொதி வந்த அப்புறம் ஒரு நிமிஷம் கொதிக்க விட்டா கிருமி போயிடும். கேஸ் மிச்சம் பண்ணணும்னா குளோரின் மாத்திரை, மெடிக்கல்ல கிடைக்கும், அட்டையில போட்டிருக்குற அளவு போட்டு அரை மணி நேரம் விடணும். அமெரிக்காவுல வாசனை சேக்காத ப்ளீச், வீரியம் 6 சதவீதம் இருக்குறது, லிட்டருக்கு ரெண்டு சொட்டுன்னு சொல்வாங்க, நம்ம கடையில கிடைக்கிற ப்ளீச்சிங் பவுடர்ல வீரியம் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு கடைக்காரருக்கே தெரியாது, அதனால நான் மாத்திரையோட நிறுத்திக்கிட்டேன். கலர் இல்லாத பிளாஸ்டிக் (PET) பாட்டில்ல ஊத்தி ஆறு மணி நேரம் வெயில்ல வெக்கிற முறை ஒண்ணு இருக்கு, நல்ல முறைதான், ஆனா ஐப்பசி கார்த்திகை மழைல வெயிலுக்கு எங்க போக. அப்புறம் வாயில வெச்சு உறிஞ்சுற ஃபில்டர் குழாய், அது மலை ஓடைக்கு சரி, தெருவுல ஓடுற பெட்ரோல் கலந்த தண்ணிய அத வெச்சு குடிச்சுடாதீங்க, பெரும்பாலான கிருமி நிக்கும், கெமிக்கல் நிக்காது.

இப்ப யாரும் பேசாத விஷயத்துக்கு வர்றேன், கக்கூஸ். சாப்பாடு இல்லாம ஒரு நாள் இருந்துடலாம், இது இல்லாம? அதுவும் வெள்ளத்துல ட்ரெய்னேஜ் ரிவர்ஸ்ல வரும், ஃப்ளஷ் பண்ணா கீழ் வீட்டுக்காரங்க பாத்ரூம்ல எழும்பும். 2011ல நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்துல ஊரோட சாக்கடைக் குழாயெல்லாம் ஒடஞ்சு போயி ஜனங்க மாசக்கணக்குல அவஸ்தப்பட்டாங்க, அங்கேர்ந்து பரவுன ரெண்டு பக்கெட் முறைதான் நான் பாத்ததுலயே உருப்படியான ஐடியா. ஒண்ணு சிறுநீருக்கு, இன்னொண்ணு மத்ததுக்கு, ரெண்டையும் கலக்கலேன்னா நாத்தம் பாதிக்குப் பாதி குறையும். ரெண்டாவது பக்கெட்ல ஒவ்வொரு தடவையும் மேல மரத்தூள் போடச் சொல்றாங்க, நம்ம ஊர்ல செடிக்குப் போடுற கோகோபீட் கட்டி இருக்கே, அத உதுத்து வெச்சா அதவிட நல்லா உறிஞ்சும். மூடி இருக்குற பக்கெட், தடிமனான குப்பை கவர், சோப்பு, முடிஞ்சது. சிரிக்காதீங்க, வீட்டுல வயசானவங்க இருந்தா இந்த பாராவுக்கு வந்து நிப்பீங்க.

சாப்பாட்டுல ப்ரெப்பர்ஸுக்குன்னு விக்கிற 25 வருஷம் கெடாத டப்பாவெல்லாம் வேணாம். சாப்பிடுறத சேத்து வை, சேத்தத சாப்பிடுன்னு ஒரு வழி சொல்வாங்க, அது போதும். அவல், பொரி, பொட்டுக்கடலை, சத்துமாவு, பேரீச்சம்பழம், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். அவலுக்கு அடுப்பே வேணாம், ஊறவெச்சா போதும். நம்ம பாட்டிங்க குதிர்லயும் ஜாடிலயும் இதெல்லாம் அப்பவே செஞ்சாங்கன்னு வாட்ஸப்ல வரும், செஞ்சாங்கதான், ஆனா அவங்களுக்கு கிணறும் விறகும் இருந்துச்சு, நமக்கு இண்டக்ஷனும் பிளிங்கிட்டும். ரெண்டாவது சிலிண்டர் காலியா இருந்தா நவம்பருக்கு முன்னாடி ரொப்பிடுங்க.

காசு. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் ஞாபகம் இருக்கா, நவம்பர் 8தான் பழைய 500, 1000 செல்லாதுன்னு சொல்லியிருந்தாங்க, ஏற்கனவே ஏடிஎம்ல க்யூ, அதுல புயல் வேற வந்து மரமெல்லாம் சாஞ்சு கரண்டும் போச்சு. இப்ப அதவிட மோசம், பர்ஸ்ல ரூபாயே வெச்சுக்கிறதில்ல. பத்து, இருபது, அம்பது நோட்டா ஒரு கவர்ல போட்டு வெக்கணும், 500 நீட்டினா பால்காரர்கிட்ட சில்லறை இருக்காது. அதே கவர்ல 1913 (மாநகராட்சி), 1070 (மாநில பேரிடர் கன்ட்ரோல் ரூம்), 1077 (மாவட்டத்தோடது), 108 (ஆம்புலன்ஸ்), தெரிஞ்சவங்க நம்பர் எல்லாம் பேப்பர்ல எழுதி வெக்கணும், போன் செத்தா நம்பரும் சேந்து சாகுது இல்ல. இன்வெர்ட்டர் பேட்டரிய தரையில வெக்காம மேடை போட்டு ஏத்துங்க, தண்ணி ப்ளக் பாயின்ட்ட நெருங்குறதுக்கு முன்னாடியே மெயின ஆஃப் பண்ணுங்க, ஜெனரேட்டர பால்கனியிலகூட ஓட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

மருந்துக்கு வருவோம். பிபி, சுகர் மாத்திரை எப்பவும் ரெண்டு வாரத்துக்கு கூடுதலா இருக்கணும். இன்சுலின் போடுறவங்க ஃப்ரிட்ஜ் நின்னா என்ன பண்றதுன்னு இப்பவே டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க, பிரிச்சு யூஸ் பண்ணிட்டிருக்குறது பெரும்பாலும் நாலு வாரம் வெளியில தாங்கும், ஆனா ரகத்துக்கு ரகம் மாறும், ஃப்ரிட்ஜ் இல்லேன்னா மண்பானைல வெக்கிறது சூட்ட நல்லாவே குறைக்குது. வெள்ளத்துல நடந்தா எலிக்காய்ச்சல் வரலாம், அதுக்கு மாத்திரை இருக்கு, ஆனா யூட்யூப் பாத்து ஆன்டிபயாடிக் முழுங்காதீங்க, ப்ரெப்பர்ஸ்ல சிலபேரு மீனுக்குப் போடுற ஆன்டிபயாடிக்க வாங்கி வெக்கிறாங்க, அந்த அளவுக்கெல்லாம் போக வேணாம்.

அவங்ககிட்ட எனக்கு சுத்தமா ஒத்துவராதது ஒண்ணு. உன்கிட்ட இருக்குறத யாருக்கும் காட்டாத, பசி வந்தா பக்கத்து வீட்டுக்காரன்தான் எதிரின்னு திரும்பத் திரும்ப சொல்வாங்க. அதே 2023 டிசம்பர்ல தெக்க காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சப்ப, திருச்செந்தூர்லேர்ந்து சென்னைக்கு வந்த ரயிலு ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிச்சு, கிட்டத்தட்ட 800 பேரு. தண்டவாளத்துக்கு அடியில மண்ணு அரிச்சுப் போச்சு. ஹெலிகாப்டர் வர்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு பொங்கிப் போட்டது பக்கத்து ஊர் ஜனங்க, அவங்க ஊரும் அதே மழைலதான் இருந்துச்சு. நான் எங்க ப்ளாக்ல யாருகிட்ட கயிறு இருக்கு, யாருகிட்ட கேஸ் ஸ்டவ் இருக்கு, யாரு நர்ஸு, எந்த வீட்டுல படுத்த படுக்கையா ஆளு இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், ரெண்டு பேரு வேவு பாக்குறியான்னு கேட்டாங்க, பரவால்ல.

மிச்சம் இருக்குறது மீட்டர் போர்டு. எங்க பில்டிங்ல அது கார் பார்க்கிங் சுவத்துல இடுப்பு உயரத்துல இருக்கு, தண்ணி அதுவரைக்கும் வந்தா வெள்ளம் வடிஞ்ச அப்புறமும் கரண்ட் வராது, எல்லாத்தையும் காயவெச்சு மாத்துற வரைக்கும் இருட்டுதான். மேல ஏத்தணும்னா அசோசியேஷன்ல எல்லாரும் சம்மதிக்கணும், செலவ பங்கு போடணும், ஒரு ஓனர் துபாய்ல இருக்காரு, இன்னொருத்தர் நான் மூணாவது மாடி எனக்கு எதுக்குன்னு கேக்குறாரு. மோட்டாரும் லிஃப்டும் அதே போர்டுலதான் ஓடுதுன்னு அவருக்கு விளக்கிட்டிருக்கோம். அக்டோபருக்குள்ள முடிச்சுடலாம்னு செக்ரட்டரி சொல்றாரு, எந்த வருஷ அக்டோபர்னு சொல்லல.