கொல்லை சரியில்லாத வீடு: வாங்கலாமா வேண்டாமா என்று அலைந்த அலைச்சல்

பத்திரம் பதிந்து சாவி கைக்கு வந்துவிட்டது. தரகர் மீதுள்ள கோபம்தான் இன்னும் ஆறவில்லை. "வீடு நன்றாக இருக்கிறது, கொல்லைப்புறம்தான் சகிக்கவில்லை" என்று எங்களைப்போல் யாராவது தயங்கிக்கொண்டிருந்தால், டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

திருச்சி வயலூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் வீடு. தெற்குப் பார்த்தது, மூன்று படுக்கையறை, தேக்கு நிலை, காற்றோட்டம். பிள்ளைகளின் பள்ளியும் பக்கம். சமையலறையின் பின்கதவைத் திறக்கும் வரை எல்லோருக்கும் பிடித்திருந்தது. திறந்ததும் ஒரு நாற்றம். இடுப்பளவு கோரை, அதற்குள் உடைந்த வெஸ்டர்ன் கோப்பை ஒன்று, மழையில் நனைந்து மூட்டையோடு கல்லாகிப்போன சிமெண்ட், வேலியோரம் சீமைக்கருவேலம். வடகிழக்கு மூலையில் செப்டிக் டேங்க், அதன் உடைந்த மூடிக்குப் பதிலாக ஒரு ஆஸ்பெஸ்டாஸ் துண்டு. பக்கத்து வீட்டுச் சுவரைத் துளைத்து வந்த ஒரு பிளாஸ்டிக் குழாய் அந்த வீட்டுக் குளியலறைத் தண்ணீரை இங்கே கொட்டிக்கொண்டிருந்தது.

"ஈசானிய மூலையில் கக்கூஸ் தொட்டியா?" என்று என் மாமனார் அப்போதே செருப்பைப் போட்டுவிட்டார். பாம்பு இருக்கும் என்றார் மாமியார். என் கணவருக்கு வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை, வாங்கு என்று சொல்லவும் துணிவில்லை. தரகர் மட்டும் அசரவில்லை. "ஒரு ஆள் ஒரு நாள் வெட்டினால் எல்லாம் சுத்தம் மேடம். டவுனுக்குள் முப்பத்தாறுக்கு முப்பத்தாறு தோட்டம் எங்கே கிடைக்கும்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த முப்பத்தாறுக்கு முப்பத்தாறுதான் பிறகு எங்களைப் படுத்திய பாடு.

அழகைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதைவிட, அந்தக் கொல்லை என்ன சொல்கிறது என்று பார்ப்பது பயன் தரும். கோரை அவ்வளவு செழிப்பாக மண்டினால் அங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். எதிர்வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "2005 வெள்ளத்தில் கோரையாறும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் சேர்ந்து வந்தபோது இங்கே முழங்காலுக்கு மேல் தண்ணீர் அம்மா" என்று தன் திண்ணைத் தூணில் உயரத்தைத் தொட்டுக் காட்டினார். தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டிருக்கிறார்கள். தெரு மேடாகிவிட்டது, கொல்லை பள்ளமாகவே நின்றுவிட்டது. வீட்டின் தரைமட்டம் மட்டும் தெருவைவிட இரண்டடி உயரம், அதனால் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை என்றார். தரகரிடமிருந்து இதில் ஒரு வரிகூட வந்திருக்காது. எதிர்வீட்டுக்காரரிடம் கேட்காமல் வீடு வாங்காதீர்கள்.

அடுத்து பத்திர நகல். வில்லங்கச் சான்றை இணையத்திலேயே எடுத்துவிட்டோம், அதில் சிக்கல் இல்லை. 1991ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில், "வாய்க்காலுக்குத் தெற்கு" என்று தொடங்கி நான்கு எல்லை சொல்லி, "கிழமேல் அடி 36, தென்வடல் அடி 72½" என்று எழுதியிருந்தது. பெருக்கினால் 2,610 சதுர அடி, ஏறக்குறைய ஆறு சென்ட். கொத்தனாரிடம் நூறடி டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு போய் நானும் கணவரும் வாசல் சுவரிலிருந்து பின்சுவர் வரை பிடித்தோம். எண்பத்தொன்பது அடி வந்தது. தொய்வு இருக்கும் என்று மறுபடி இழுத்துப் பிடித்தோம். எண்பத்தொன்பதேதான்.

பதினாறரை அடி கூடுதல். அகலத்தோடு பெருக்கினால் கிட்டத்தட்ட அறுநூறு சதுர அடி. விற்பவர் விலை சொன்னது இதையும் சேர்த்துத்தான். வாஸ்துவை மீறிய அந்த செப்டிக் டேங்க் உட்கார்ந்திருந்ததும் அந்தப் பதினாறரை அடிக்குள்தான்.

இந்த இடத்தில் ஒரு தகவல். உங்கள் சர்வே எண்ணின் பட்டாவையும் புல வரைபடத்தையும் எல்லோரும் எடுக்கிறார்கள், அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்துச் சர்வே எண்ணையும் போட்டு அ-பதிவேட்டை, அதாவது எந்த எண் யாருடைய நிலம், என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேட்டை, பாருங்கள். அரசின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. நாங்கள் போட்டுப் பார்த்தபோது பின்பக்கத்து எண்ணுக்கு எதிரே, தனியார் பெயர் எதுவும் இல்லாமல், வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தது. புல வரைபடத்தில் எங்கள் மனையின் நீளம் 22.1 மீட்டர். அதாவது அதே எழுபத்திரண்டரை அடி. பத்திரமும் வரைபடமும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தின. சுவர்தான் பொய் சொன்னது.

தரகரிடம் கேட்டால், "முப்பது வருடமாக அனுபவத்தில் இருக்கிறது, யார் கேட்கப்போகிறார்கள்" என்றார். வழக்கறிஞரிடம் இதை அப்படியே சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. அரசு நிலத்துக்கு முப்பது வருடக் கணக்கு என்று சட்டத்தில் ஒன்று இருப்பது உண்மைதான், ஆனால் வாய்க்கால் புறம்போக்கில் அதை நம்பிப் பணம் போடாதீர்கள், 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் ஒட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள் என்றார். பிறகு அந்தக் குழாயைப் பற்றிக் கேட்டார். எத்தனை வருடமாக வழிகிறது? இருபது வருடம் தடையில்லாமல் தண்ணீர் விட்டிருந்தால் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி அதையே உரிமையாகக் கேட்டு வழக்குப் போடலாமாம். நாங்கள் நாற்றத்துக்காக மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தோம். நல்ல வேளையாக அந்தக் குளியலறையே கட்டி ஏழெட்டு வருடம்தான் ஆகியிருந்தது.

கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனோம். புறம்போக்குதான் என்று வாயால் சொன்னவர், "எழுத்தில் தர மாட்டேன், சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள்" என்று முடித்துவிட்டார். சரி, அளக்கலாம் என்றால் மனுவைப் பட்டாதாரர் போட வேண்டும். பட்டா விற்பவரின் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. முதலில் வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாற வேண்டும். விற்பவர் அதற்கு மனு கொடுத்தார், திரும்பி வந்தது. காரணம், பத்திரத்தில் அப்பாவின் முன்னெழுத்து 'கோ', பட்டாவில் 'கே'. இரண்டும் ஒரே ஆள் என்பதற்குச் சான்று கேட்டார் தாலுகா அலுவலகத்தில் ஒரு எழுத்தர். அதை எடுத்துக்கொண்டு போன நாளில் அவர் விடுப்பு. அடுத்த முறை போனபோது, வாரிசுச் சான்றிதழின் அசல் எங்கே என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அரை நாள் விடுப்பாவது மிஞ்சியிருக்கும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்தவரின் காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

அசல் வந்தபோது அடுத்த குண்டு. வாரிசுகள் மூன்று பேர், மூன்றாமவர் ஒரு தங்கை. அதுவரை அப்படி ஒருவர் இருப்பதாகவே பேச்சில்லை. "அவளுக்கு நகை போட்டுக் கல்யாணம் செய்தாகிவிட்டது, பாத்தியதை இல்லை" என்றார் விற்பவர். அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் இல்லை, அம்மாவும் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சமபங்கு, அந்தத் தங்கை கையெழுத்துப் போடாமல் நான் கருத்துரை தர மாட்டேன் என்று வழக்கறிஞர் உறுதியாக நின்றார். புனேயில் இருக்கும் அந்தத் தங்கையிடம் நானே போனில் பேசினேன். "வீடு விற்பதே உங்களைக் கேட்டுத்தான் தெரிகிறது" என்றார். அண்ணன் தங்கைக்குள் என்ன நடந்ததோ தெரியாது, பதிவுக்கு நேரில் வர ஒப்புக்கொண்டார்.

ஒருவழியாகப் பட்டா மாறியது. நில அளவைக்கு இணையத்திலேயே மனுச் செய்து பணம் கட்டலாம், அது சுலபம். சர்வேயரை மனைக்கு வரவழைப்பது அவ்வளவு சுலபமில்லை. குறித்த தேதியில் நாங்கள், அண்ணன் தம்பி இருவர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் வெயிலில் நின்றதுதான் மிச்சம். வேறு அரசு வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். பிறகு வந்தபோது, அளவைத் தொடங்க வேண்டிய தெருமுனைக் கல்லைக் காணவில்லை. தாருக்கு அடியில் போயிருந்தது. அடுத்த தெருவில் இருந்த கல்லிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து, கோரைக்கு நடுவே ஒரு முளையடித்து, "உங்கள் இடம் இதோடு சரி" என்றார். நாங்கள் டேப்பில் பிடித்த இடத்துக்கும் அந்த முளைக்கும் ஒரு சாண்கூட வித்தியாசமில்லை. அத்தனை அலைச்சலுக்கும் அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதுமானதாக இருந்தது. தரகர் அன்று வரவில்லை.

ஆக, பெரிய அசிங்கமான கொல்லை சின்ன அசிங்கமான கொல்லையாகிவிட்டது. செப்டிக் டேங்க்கும் நம்முடையது இல்லை. இத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் கணவர் சொன்னார். எனக்கு மாறாகத் தோன்றியது. வீட்டைத் திட்டிய எல்லோரும் திட்டியது அந்தப் பின்பாதியைத்தான், அதைத்தான் நாங்கள் வாங்கப்போவதே இல்லையே. மீதி இருபதடி நீளத்தை என்ன செய்யலாம் என்று பார்த்தால் போதும்.

முதலில் கழிவுநீர். தெருவில் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது, இந்த வீட்டுக்காரர் இணைப்பு எடுக்கவில்லை, அவ்வளவுதான். பின்பக்கக் கழிவறையிலிருந்து வாசல் வரை குழாய்க்கு வாட்டம் கிடைக்குமா என்று பிளம்பர் டியூப் லெவல் பிடித்துப் பார்த்துக் கிடைக்கும் என்றார். கிடைக்காது என்று அவர் சொல்லியிருந்தால் அன்றே விட்டிருப்போம்.

அடுத்தது மண். ஓர் ஆளைக் கூட்டிப் போய்க் கடப்பாரையால் நான்கு இடத்தில் குத்தச் சொன்னேன். மூன்று இடத்தில் ணங்கென்று கல். வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டும் ஜல்லியும் மொசைக் சில்லும் ஒன்றரை அடிக்கு நிரவியிருந்தார்கள். அதற்கு அடியில் நல்ல கறுப்பு மண். இடிபாட்டை எடுத்து செம்மண் நிரப்பினால் போதும். இருபதுக்கு முப்பத்தாறு, ஒன்றரை அடி ஆழம், 1,080 கன அடி, நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் கிட்டத்தட்ட பதினொரு யூனிட். கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டின் பக்கவாட்டுச் சந்து மூன்றடி, அதில் ஜேசிபி போகாது. எல்லாம் சட்டியில் தலைச்சுமைதான், கூலி இரண்டு மடங்கு. கொல்லை வேலை இருக்கும் வீடாக இருந்தால் முதலில் அந்தச் சந்தின் அகலத்தை அளந்துவிடுங்கள்.

இந்தச் செலவையெல்லாம் ஒரு தாளில் எழுதி, சர்வேயர் அறிக்கையையும் இணைத்து விற்பவர் முன் வைத்தோம். வாய்ச்சண்டைக்குத் தயாராக வந்திருந்தவர் தாளைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். மாமனார் தன் பங்குக்கு ஈசானிய மூலையையும் எடுத்துவிட்டார். வாஸ்துவில் எனக்கு நம்பிக்கை இல்லை, பேரம் பேசும்போது அவரை நான் தடுக்கவும் இல்லை. கேட்ட விலையில் ஒன்பது லட்சம் இறங்கியது. பத்திரத்தில் ஆறு சென்ட் மட்டும், குழாயைப் பதிவுக்கு முன் அடைத்துத் தர வேண்டும், மூன்று வாரிசுகளும் நேரில் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். வங்கியின் மதிப்பீட்டாளரும் ஆறு சென்ட்டுக்குத்தான் மதிப்புப் போட்டார். தரகர் பேச்சைக் கேட்டிருந்தால் கடன் தொகையில் துண்டு விழுந்து அப்போது விழித்திருப்போம். பதிவுச் செலவுக்கு முத்திரைத்தாளும் கட்டணமுமாக 9 சதவீதத்தைக் கையிலிருந்துதான் போட வேண்டும், வங்கி தராது. அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு அரை நாளில் முடிந்தது.

இப்போது எழுபத்திரண்டரை அடியில் எங்கள் புதுச் சுவர் நிற்கிறது. பழைய செப்டிக் டேங்க்கைக் காலி செய்து மணல் போட்டு மூடிய பிறகே அதை எழுப்பினோம். கருவேலத்தைத் தூரோடு தோண்டி எடுத்தோம், மேலே மட்டும் வெட்டினால் மறுபடி தழைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடை இணைப்பு எடுத்துவிட்டார், எங்களிடம் பேச்சு மட்டும் இல்லை. செம்மண் இன்னும் நான்கு யூனிட் வர வேண்டும். தரகர் முழு விலைக்கே கமிஷன் கேட்டு போன் செய்தபடி இருக்கிறார். பதிந்த விலைக்குத்தான் தருவேன் என்று சொல்லியாகிவிட்டது.